கள்ளி என்று பதிந்த முகம்

பாறசாலையில் என் கடைக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் முதலில் மின்விசிறிக்குக் கீழேதான் வந்து நிற்பார்கள். அதனால்தான் முகம் அறியும் கேமராவை அங்கே மாட்டினேன் சார். வேறு நோக்கம் இல்லை.

வாசலில் அறிவிப்பு வைக்க வேண்டும், சம்மதம் வாங்கித்தான் முகத்தைச் சேமிக்க வேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கடைக்கு யார் வருவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வாடிக்கைக்காரி தங்கபாய் படியேறி வந்தபோது, சேலைப் பிரிவில் நிற்கும் மினி சிரித்தபடி, "இவ பெரிய கள்ளியாக்கும்" என்றாள். எங்கள் பக்கம் செல்லமாகவும் அப்படிச் சொல்வோம். கடைக்காரன் காதில் திருட்டு மட்டும்தான் விழுந்தது. உடனே அவள் முகத்தைத் திருடர் பட்டியலில் சேர்த்தேன்.

மாலையில் மினியிடம் விசாரித்தேன். "அய்யோ முதலாளி, மகளுக்குக் கல்யாணம் ஒறப்பிச்சத ஒருத்தருட்டயும் சொல்லாம வச்சிருந்தா. அதாக்கும் கள்ளின்னேன்."

அதற்குள், கடைக்காரர்கள் எங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பட்டியல் நெய்யாற்றின்கரை வரை ஏழு கடைகளுக்குப் போயிருந்தது. திருத்தச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அங்கே ஒரு கடையில், சம்பந்தியம்மாள் பார்க்க, தங்கபாயின் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். கல்யாணம் நின்றது. அவள் என்னிடம் வந்தாள். சண்டை போடவில்லை.

"அண்ணே, எனக்க மொகத்த அதுலேருந்து எடுத்துருங்க. நான் களவாண்டதில்லண்ணு அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்க பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்."

சரி என்றேன். செய்யவில்லை. அழித்தால் தப்பு நடந்தது என்று ஆகிவிடும். பிறகு கேட்காமல் சேர்த்த நாலாயிரம் முகங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நியாயமாகத்தான் யோசித்தேன்.

அவள் என்மேல் புகார் கொடுத்ததும் நான் உங்களுக்கு என் கடைக் கேமராவில் பதிந்த ஒரு காட்சி அனுப்பினேன். அதில் அவள் சேலை ஒன்றைப் பைக்குள் வைப்பாள். அது அவளுடைய சேலைதான். ரவிக்கைத் துணிக்கு நிறம் பார்க்க வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அதைப் பையிலிருந்து எடுத்து விரிக்கும் பகுதியை நான் வெட்டிவிட்டேன். மிச்சத்தை நம்பித்தான் நீங்கள் அவளைக் கைது செய்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் மகள் தனியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறிடம் போனார்கள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அதனால்தான் நானாக வந்து சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன் சார். பத்திரிகைக்குக் கொடுக்கும்போது என் முகத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். எனக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.