குலேந்திரனின் நாக்கு

நல்ல ஏல் பியரை பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடிக்கக் கூடாது. இருபது நிமிடம் மேசையில் வைக்க வேண்டும். தங்கச்சி, மொழிபெயர்க்கும்போது இதை விட்டுவிடாதீர்கள். விசாரிக்கிற பொலிஸ் அம்மாவுக்கும் வீட்டில் உதவும்.

என் பெயர் ஜோர்ஜ். வெஸ்ட்லியில் ஏழாம் மாடியில் இருக்கிறேன். நிலவறையில் எனக்கென்று ஒரு சாமான் அறை உண்டு. ஐந்து வருடமாக அதில் கடும் ஏல் காய்ச்சுகிறேன். கடையில் விற்கிற தண்ணீர்ப் பியர் இல்லை, இதில் மது பத்து வீதத்தைத் தாண்டும். முதலில் பேரீச்சம்பழம், பிறகு கருகிய சீனி, கடைசியில் தொண்டையில் மெல்லிய கசப்பு. மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி வருவதைப் பார்த்தால், தனியாக நின்றே சிரிப்பேன்.

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் வட்டாரத்தில் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குப் போட்டி வைப்பார்கள். ஐம்பது புள்ளி. போன வருடம் எனக்கு முப்பத்தொன்று. நடுவர் தாளில் ஒரே சொல்தான் எழுதியிருந்தார்: 'கிரெய்ட்.' இந்த நாட்டு மொழியில் பரவாயில்லையாம். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குறை எங்கே என்று சொல்லக்கூடிய நாக்கு எங்கள் கட்டடத்தில் ஒன்றுதான் இருந்தது. எதிர்வீட்டுக் குலேந்திரனுடையது. அவன் குடித்த காலத்தில் ஒரு மிடறு வைத்துவிட்டு, பானையை எந்தச் சவர்க்காரத்தால் கழுவினார்கள் என்றுகூடச் சொல்வான். ஆனால் குடியை விட்டு நாலு வருடமாகிவிட்டது. தினமும் காலையில் ஒரு வெள்ளைக் குளிசை. அது உடம்பில் இருக்கும்போது மது பட்டால் முகம் சிவந்து, நெஞ்சு தாறுமாறாக அடிக்கும். ஆளையே கொண்டுபோகவும் கூடும். அவன் மனைவி வசந்தமலர் பக்கத்தில் நின்று விழுங்க வைப்பாள்.

ஓகஸ்டில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் விடியற்காலை வேலை கிடைத்தது. வீட்டுத் திறப்பையும் குளிசைப் போத்தலையும் என்னிடம் தந்தாள்.

"ஜோர்ஜ் அண்ணை, உங்களை நம்பித்தான் போறன். அவர் விழுங்கிறதைப் பாத்திட்டுத்தான் வரவேணும்."

"ஓம் பிள்ளை, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

ஒரு நாளும் தவறவில்லை. விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். குளிசை மட்டும் வேறு. விற்றமின், உடம்புக்கு நல்லது. அதை அவனிடமும் ஒளிக்கவில்லை. "மச்சான், ஒரு கரண்டி ஏல், உன்ரை அபிப்பிராயம், அவ்வளவுதான்" என்றேன். அவன் இரண்டு தரம் வேண்டாம் என்றான், கொஞ்சம் அழுதான். பழைய மருந்து உடம்பை விட்டுப் போகட்டும் என்று இரண்டு கிழமை பொறுத்திருந்தேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை.

முதல் சனிக்கிழமை, வாயில் வைத்துவிட்டுத் துப்புகிறேன் என்றான். வைன் என்றால் துப்பலாம். ஏலின் கசப்பு இறங்கும்போதுதான் தெரியும். விழுங்காதவன் போடும் புள்ளி செல்லாது. விழுங்கினான். கண் விரிந்தது.

"தானியத்தைக் கூட வறுத்திட்டாய். ரெண்டு கிழமை முந்தித் திறந்திட்டாய். முப்பத்தாறு."

நான் துள்ளினேன். ஐந்து வருடமாக ஒருவரும் சொல்லாததை ஒரு மிடறில் சொல்லிவிட்டான். பழைய ஏலையும் புதியதையும் கலந்து கொடுத்தேன், முப்பத்தொன்பது. இன்னும் திருத்தினேன், நாற்பத்திரண்டு. இரண்டு கிழட்டு ஆம்பிளைகள் நிலவறையில் கட்டிப்பிடித்து ஆடினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான செப்டெம்பர் வந்ததில்லை.

ஒக்டோபரில் அந்த நாக்கு கெட்டது. அவன் தானே வாங்கிக் குடிக்கத் தொடங்கியிருந்தான். எதைக் கொடுத்தாலும் "நல்லாயிருக்கு மச்சான், ஐம்பது" என்றான். வசந்தமலர் என் வாசலில் வந்து நின்றாள். "குளிசை போட்டும் எப்பிடியண்ணை குடிக்கிறார்?" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. போட்டிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

ஆகவே அசல் குளிசையைத் திரும்பக் கொடுத்தேன். அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் விழுங்க மாட்டான். இரண்டாம் நாள் எங்கேயோ பியர் குடித்து வாந்தி எடுத்தான். வயிறு பழுதாகிவிட்டது என்று நினைத்து அதற்குப் பிறகு தொடவில்லை. பத்து நாளில் நாக்கு பழையபடி வந்தது. வசந்தமலர் கறித்தூளை மாற்றியதை முதல் வாயிலேயே கண்டுபிடித்தானாம். அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டுக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான், அதையும் எழுதுங்கள்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் அவனை நிலவறைக்குக் கூட்டிப்போனேன். மருந்து உடம்பில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். போவதற்கு இன்னும் இரண்டு கிழமை வேண்டும் என்பதும் தெரியும். போட்டி தள்ளிப்போகாதே. ஒரு மிடறு போதும் என்றுதான் நினைத்தேன். அவன் முழுக் கிளாசையும் குடித்துவிட்டான்; ஏல் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

முகம் சிவந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானிய மூட்டையில் சாய்ந்தான். "மச்சான், அம்புலன்ஸ்" என்றான்.

அவனுடைய கைக்கடிகாரம் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறானதைப் பதிந்திருக்கிறது, நான் அழைத்ததோ அதற்குப் பதினொரு நிமிடம் கழித்து என்கிறீர்கள். இருக்கும். போன் என் கையில்தான் இருந்தது. "புள்ளியைச் சொல்லு, உடனை எடுக்கிறன்" என்றேன். ஐம்பது என்றான். அது குடிவெறியில் சொல்லுகிற எண், நான் ஏற்கவில்லை. "யோசிச்சுச் சொல்லு" என்றேன். அவனுக்கு மூச்சு வர நேரமெடுத்தது. பிறகு நாற்பத்தெட்டு என்றான். என் கால் தரையில் படவில்லை. அதன் பிறகுதான் அழைத்தேன்.

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான் என்று இந்த அம்மா சொல்வதுதான் எனக்கு வலிக்கிறது. தங்கச்சி, அவருக்கு விளங்கச் சொல்லுங்கள். உயிரே போனாலும் குலேந்திரன் என் ஏலுக்குப் பொய்ப் புள்ளி போட மாட்டான்.