நோவில்லாத ஈரல்

காலை 7.20. கல்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பெண் மடியில் ஒரு வெறும் தட்டை வைத்திருந்தார். மாம்புரி தாண்டியதும் பக்கத்திலிருந்த தங்கையிடம் சொன்னார்.

"கலியாண ஊட்டுல நான் எல்லாரோடயும் ஒரே சஹன் தட்டச் சுத்திக் குந்த மாட்டேன். இதுல தனியாத் தின்றேன்."

"லாத்தா, உங்கட ஹெப்படைட்டிஸ் பி கூடித் தின்டா தொத்தாது. டொக்டரே சொன்னாரே."

"கிருமி கிருமிதானே, புள்ள."

"பயப்பட வேண்டியது வேறொண்டு. நான் வேல செய்ற லெப்ல எங்களுக்குப் படிப்பிச்சாங்க. கிருமி புடிச்ச ஈரல் கலங்கள் கண்ணுக்குத் தெரியாத பொட்டலங்கள ரத்தத்துல அனுப்புதாம். காவலுக்கு நிக்கிற வெள்ளக் கலங்கள் அத முழுங்கிட்டு அசந்து போகுதாம்."

"விருந்து தின்ட மாப்புள மாதிரியா?"

"சிரிக்காதீங்க. காவல் அசந்தா காய்ச்சலும் வராது, நோவும் வராது. ஈரல் மட்டும் உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும்."

அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"நோவில்லையேண்டு நான் கிளினிக் போறத உட்டுட்டேன்."

"எப்பயிருந்து?"

"போன நோன்புக்கு முந்தியே."

"யா அல்லாஹ்! இண்டைக்குக் கிளினிக் நாள். ஆஸ்பத்திரியில எறங்குவம், லாத்தா."

"என்னத்தச் சொல்லுவாங்களோ. கலியாணம் முடியட்டும்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மூன்று பேர் இறங்கினார்கள். சகோதரிகள் இருவரும் இறங்கவில்லை.