பத்தாவது பொத்தான்

பழைய பொத்தான் ஒன்றை மண்ணிலிருந்து எடுத்ததும் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, அதைக் கால்சட்டைத் தொடையில் தேய்த்துப் பார்ப்பது. பித்தளை என்றால் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். வெள்ளீயம் பிழைக்காது. இருநூற்றைம்பது வருடம் மண்ணில் ஊறிய வெள்ளீயம் காய்ந்த ரொட்டி மாதிரி. ஒரு தேய்ப்பில் எழுத்து போகும், மறு தேய்ப்பில் பொத்தானே போய்விடும். டெல்பர்ட் ஹாஸ்ப்ரூக் இந்தத் தப்பை இருபத்திரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தான். நானும் சளைக்காமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

மேடம், எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்று சொல்லி இந்த மஞ்சள் தாள்களைக் கொடுத்தீர்கள். எனக்கு இங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சௌகரியம். போன வாரம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், மண் சரிந்த உடனே டெல்பர்ட் இறந்துவிட்டான் என்று சொல்லியிருந்தேன். அது சரியில்லை. நான் பொத்தான்களைக் குறித்துவைக்கிற நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் மறுபடி வந்து உட்கார்ந்தபோதே, அது சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது என எனக்கும் தெரிந்துவிட்டது.

என் பெயர் ஆரின் டீஸ்டேல், வயது அறுபத்து மூன்று. நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்பர்ட் வீடுகளில் சூடேற்றும் உலைகளைப் பழுதுபார்ப்பவன். பனி உருகி நிலம் உழுத பிறகு, சோளம் விதைப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் நடப்போம். அமெரிக்கச் சுதந்திரப் போரில் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் படைகள் போயின, வந்தன, தோற்று ஓடின. விட்டுப்போனதெல்லாம் ஒரு முழத்துக்குள்தான் கிடக்கிறது.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு முறை உண்டு. வயல்காரரிடம் போய்க் கேட்டு அனுமதி வாங்கியவன் எவனோ, அந்த வயலில் அவன் சொல்தான் சொல். அவன் நிறுத்து என்றால் கூட வந்தவன் நிறுத்தவேண்டும். இதை மீறியவனை யாரும் மறுபடி சேர்த்துக்கொள்வதில்லை. ஓடைக்கு மேலே இருக்கிற அந்தச் சோள வயல் ப்ளூம்குவிஸ்ட் அம்மாளுடையது. அவருடைய உலையை டெல்பர்ட் ஒன்பது குளிர்காலம் காசு வாங்காமல் சரிசெய்துகொடுத்து அனுமதி வாங்கியிருந்தான். நான் விருந்தாளி.

என்னிடம் நானூற்றுப் பதினொரு ராணுவப் பொத்தான்கள் உண்டு. ஒன்றைக்கூட விற்றதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, அதில் இடம், ஆழம், நாள், நேரம். இடம் தெரியாத பொத்தான் வெறும் உலோகம். ஆனால் அந்த நானூற்றுப் பதினொன்றும் ஒற்றை ஒற்றையாக வந்தவை. ஓடும்போது அறுந்தது, துவைக்கும்போது விழுந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லை. ஒரே மேலங்கியில் இருந்த பத்தையும், தைத்த வரிசையிலேயே எடுத்தவன் எனக்குத் தெரிந்து ஒருவனும் இல்லை. முப்பது வருடம் அதற்காக ஏங்கியிருக்கிறேன். சொல்வதில் வெட்கமில்லை.

அன்றைக்குக் காலை எட்டரைக்கு ஓடைக்கரைச் சரிவில் முதல் பொத்தான் வந்தது. வெள்ளீயம்தான். யு.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னியது. ஒன்பது அங்குல ஆழம். நான்கு அங்குலம் தள்ளி இரண்டாவது. இன்னொரு நான்கு தள்ளி மூன்றாவது. வரிசை கரைக்குள்ளே போயிற்று. நாங்களும் மண்வெட்டியாலும் மூங்கில் குச்சியாலும் கரையைக் குடைந்துகொண்டே உள்ளே போனோம்.

டெல்பர்ட் வழக்கம்போலக் கிண்டலடித்தான். "என்னய்யா அதையே அப்படிப் பாக்குற? ஆர்லீன் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருந்தா அவ ஏன் ஓடிப்போறா?"

நான் மூன்றாவது பொத்தானின் ஆழத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஆர்லீன் என் மனைவி. போய்ப் பதினாறு வருடம் ஆகிறது.

நான்காவது பொத்தானுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒன்று தெரிந்தது. டெல்பர்ட் அதைத் தொடவில்லை. முழங்காலில் இருந்தவன் எழுந்துவிட்டான்.

"ஆரின், நிறுத்துடா. இது வேர் இல்ல. விலா எலும்பு. இது ஆளு."

"தெரியும்."

"தெரியும்னா? எப்பத்துலருந்து தெரியும்?"

"ரெண்டாவது பொத்தான்லருந்து."

"வாயத் திறந்து சொல்லலியே பாவி. அவன் நெஞ்சு மேலயா இவ்வளவு நேரம் கிண்டிக்கிட்டு இருந்தேன்?"

"மீதிய எடுத்துட்டுப் போன் பண்ணலாம். இவ்வளவு வருஷம் கெடந்தவன் ரெண்டு மணி நேரம் கெடக்க மாட்டானா?"

"அவன் கெடப்பான். எனக்குத்தான் முடியல. யாரோ பெத்த பிள்ளடா. இது என் வயலு, நான் சொல்றேன், வை அந்தக் குச்சிய. மேல ஒரு தார்ப்பாய் போட்டுட்டு ஷெரிஃபுக்குச் சொல்லிரலாம்."

முறைப்படி அவன் சொன்னது சரி. எலும்பு வந்தால் நிறுத்தவேண்டும் என்பது சட்டமும்கூட. பிறகு என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். மாநிலத்து ஆட்கள் வந்து வேலி போடுவார்கள். எலும்போடு பொத்தான்களையும் ஒரு புதுப் பெட்டியில் வைத்து, கொடி போர்த்தி, துப்பாக்கி சுட்டு, வேறொரு மண்ணில் புதைப்பார்கள். பழகிய மண்ணை விட்டு எடுத்த வெள்ளீயம் புது மண்ணில் பத்து வருடம் தாங்காது. அதற்குப் பெயர் மரியாதை.

தார்ப்பாய் எடுத்துக்கொண்டு டெல்பர்ட் நேராக என்னை நோக்கி வந்தான். நேராக வந்தால் வரிசையின் மேல் கால் வைப்பான். "அந்தப் பக்கமா சுத்தி வா," என்றேன். "பொத்தான மிதிச்சிடாத."

அந்தப் பக்கம் கரை ஓர் ஆள் உயரம். அதன் உச்சியில் புல்லுக்குள் நீளமாக ஒரு விரிசல் ஓடியதைக் காலையில் வந்தவுடனே பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவனுக்கு விரிசல் கண்ணில் படாமல் போகாது. ஆனால் சுற்றி வா என்று சொன்னபோது பொத்தான்களைத்தான் நினைத்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

மணி ஒன்பது ஐம்பது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மண் இறங்கி முடிந்தபோது டெல்பர்ட் விலா வரை உள்ளே இருந்தான், கைகள் இரண்டும் உள்ளே. முகத்தில் காயமில்லை. சிரிக்கக்கூடச் செய்தான்.

"நல்லா மாட்டுனேன் பாரு. சரி, வேடிக்க பாத்தது போதும். கைய மட்டும் முதல்ல எடுத்துவிடு."

நான் மண்வெட்டியை எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். அப்புறம் பார்த்தேன். அவனைத் தோண்டி எடுக்கவேண்டுமானால் மண்ணை என் பக்கம்தான் வீசவேண்டும். என் பக்கம் ஐந்தாவது பொத்தான் பாதி தெரிந்தபடி கிடந்தது. அதன் மேல் ஒரு வண்டி மண் விழுந்தால் அது பொத்தானாக இருக்காது. ஆகவே முதலில் இதை எடுத்துவிட்டு அவனிடம் வரலாம் என்று முடிவுசெய்தேன். மண்வெட்டியை வைத்துவிட்டு மூங்கில் குச்சியை எடுத்தேன். இரும்பு பட்டால் கீறும்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எங்கள் வேலையில் போனை உடம்பில் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தில் போன் இருந்தால் டிடெக்டர் உளறும். அவன் மனைவி லோரெட்டாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி நான்கு நாள்தான் ஆகியிருந்தது என்பதால் அன்று மட்டும் வைத்திருந்தான்.

"லோரெட்டாதான். எடுத்துப் பேசுடா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லு."

எடுத்தேன். அணைத்தேன். நாற்பதடி தள்ளிக் கல்சுவரின் மேல் கொண்டுபோய் வைத்தேன். கருவி ஒழுங்காகப் பேசவேண்டும் என்றால் அப்படித்தான் செய்யவேண்டும்.

திரும்பி வந்தபோது டெல்பர்ட் கத்தவில்லை. அவன் முகம் மட்டும் மாறியிருந்தது. "ஆரின்," என்றான், "நான் இங்க இருக்கேன்டா."

ஐந்தாவது, மணி பத்து ஏழு, பதினொரு அங்குலம். ஆறாவது, பத்து இருபத்தைந்து, பதினொன்றரை. ஏழாவதின் விளிம்பு லேசாக உடைந்தது. நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், அதற்கு இன்றும் வருத்தம் உண்டு. அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. இந்த நேரங்களை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். நோட்டை ஏன் எரிக்கவில்லை, குறைந்தபட்சம் நேரத்தையாவது மாற்றி எழுதியிருக்கலாமே என்று உங்கள் கூட வந்த இளைஞர் கேட்டார். அவர் எதையும் சேகரித்ததில்லை என்று நினைக்கிறேன். பொய் நேரம் எழுதிய சீட்டோடு அந்தப் பத்தையும் நான் எப்படிப் பெட்டியில் வைப்பேன்?

பத்தாவது பொத்தானைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அது சரிந்த மண்ணுக்கு அடியில், டெல்பர்ட்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதை எடுக்க மண்ணை அகற்றவேண்டும். அகற்றிய மண்ணை எங்கேயாவது போட்டாகவேண்டும். ஒரு பக்கம் எலும்பு, ஒரு பக்கம் ஓடை. போடுவதற்கு இடம் இருந்தது அவன் பக்கத்தில் மட்டும்தான். மெதுவாகத்தான் போட்டேன். விலாவிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, நெஞ்சிலிருந்து தோளுக்கு வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு கைப்பிடி மண்கூட விழாமல் பார்த்துக்கொண்டேன். மூச்சு வாயால் மட்டும் விடுவதில்லை, நெஞ்சு விரிய இடம் வேண்டும் என்பதை மருத்துவர் அறிக்கையைக் காட்டி நீங்கள் விளக்கினீர்கள். அதை நீங்கள் விளக்கியிருக்கவேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

பதினொன்று இருபத்தெட்டுக்குப் பத்தாவது வந்தது. பதிமூன்று அங்குலம். எழுத்து மூன்றும் முழுசு. வரிசையாகத் துணியில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தேன். டெல்பர்ட்டிடம் காட்டலாம் என்று திரும்பினேன். பதினொன்று நாற்பதுக்கு ஆம்புலன்ஸை அழைத்தேன். இப்போதுதான் சரிந்தது என்று சொன்னேன்.

நான் அவனைக் கொல்லவேண்டும் என்று நினைத்ததில்லை. ஒவ்வொரு பொத்தானுக்குப் பிறகும், அடுத்தது அவன்தான் என்று நினைத்தேன்.

முந்தாநாள் லோரெட்டா இங்கே ஊன்றுகோலோடு வந்ததாகச் சொன்னீர்கள். பொத்தானைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை, கடைசியில் அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் கேட்டாள், அதை எழுதுங்கள் என்றீர்கள். இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். டெல்பர்ட் நிறையப் பேசினான். எட்டாவது வரை விடாமல் பேசினான். அதற்கப்புறம் துண்டு துண்டாக வந்தது. அவள் பெயர் வந்தது. இன்னும் என்னவோ, அவளிடம் சொல்லச் சொல்லி ஒரு விஷயம், இரண்டு தடவை சொன்னான். நான் அப்போது அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்பாள் என்று தெரிந்திருந்தால் குறித்துக்கொண்டிருப்பேன். நோட்டில் அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது.