விருந்தாளித் தண்ணி

"இருபது வருசத்துல இன்னைக்குத்தான் அந்தக் குளிப்பறையில குளிச்சேன்."

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில்தான் இந்தப் பேச்சு. காது கொடுக்க வேண்டாமென்று பார்த்தேன், முடியவில்லை. சொன்ன அம்மாளின் தலை இன்னும் ஈரமாக இருந்தது. மடியில் தகரப்பெட்டி. மலையடிவாரத்துச் சத்திரத்தை அவளும் அவள் புருஷனும்தான் பார்த்துவந்தார்களாம். அதை மூடியாயிற்று; இனி அது தீப்பெட்டி செய்யும் ஆபீஸ். அவள் தன் மகள் வீட்டுக்குப் போகிறாள்.

பக்கத்திலிருந்தவள் கேட்டாள்: "உங்க சத்திரத்துல நீங்க குளிக்கதுக்கு என்னக்கா?"

"நம்ம கிணறு உப்புல்லா. மலையில செதுக்கியிருக்க செலையளப் பாக்க எங்கெங்க இருந்தெல்லாமோ வருவாவ. வெள்ளைக்காரவியளும் வந்து தங்குவாவ. அவியளுக்குன்னு ரெண்டு மைல் போயி நல்ல தண்ணி வண்டியில கொண்டாந்து அந்தக் குளிப்பறைத் தொட்டியில ஊத்துவோம். அதுலதான சோப்பு நொரைக்கும். எங்களுக்குக் கிணத்துத் தண்ணிதான்."

"ஒரு நாளுகூட ஆசப்படலியா?"

"ஆச இல்லாமயா? நான் ரெண்டு குடம் எடுத்துட்டா, வந்தவிய என்ன செய்வாவ?"

"இன்னைக்கு மட்டும் எப்படி?"

"தொட்டியில மிச்சம் கெடந்துச்சு. இனி யாரு வரப்போறா? சோப்பப் போட்டேன். ஏயம்மா, என்னா நொர!"

"பெறவென்ன, ஆசதீரக் குளிச்சிருப்பிய."

அவள் ஈரத்தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எங்க குளிச்சேன்? யாராச்சும் வந்து கதவத் தட்டிருவாவளோன்னு நாலு செம்போட வெளிய வந்துட்டேன்."