ஐந்தாம் பத்து

மீண்டும் குண்டு விழுகிறது. முந்தையதைவிட அருகில். முதலில் சீறல். பிறகு நான்கு நொடி நிசப்தம். பிறகு தரை எழுந்து முழங்காலில் அடிக்கிறது.

வெள்ளிக்கிழமை. பிற்பகல் நான்கு இருபது. அரபு நாட்டுத் துறைமுக நகரம் ஒன்று. குடியிருப்பின் அடித்தளத்தில் மூவர். நான், என் மனைவி ரெஜினா, செவிலி ஸ்டெல்லா. மூவரும் சென்னை சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். பணி ஓய்வுக்குப் பின் நான் அங்கே இயற்பியல் கற்பித்துவந்தேன். ஸ்டெல்லாவுக்கு வேலை வாங்கித் தந்தவனும் நானே. அவள் தாய் அந்தோணியம்மாள் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். என்னை நம்பி மகளை அனுப்பினார்.

நான் ஜெபமாலையை நடத்துகிறேன். ஐந்து பத்துகளில் நான்கு முடிந்தது. வெளியே பேருந்து ஒலி எழுப்புகிறது. மூன்று முறை, நீளமாக. ஊர் திரும்பும் கப்பலுக்கு ஆளேற்றிச் செல்லும் பேருந்து.

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். “சார், போலாம் சார். மாதா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க. வண்டிதான் கோச்சுக்கும்.”

அந்த நிலையிலும் ரெஜினா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தொடங்கிய ஜெபமாலையைப் பாதியில் விட்டு எழுவது எங்கள் குடும்ப வழக்கமன்று. ஐந்தாம் பத்தைத் தொடங்கினேன். அவள் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். பிறகு மண்டியிட்டு எதிர்மொழி சொன்னாள். பெரியவர் நடத்தும்போது எழுந்து போக அவளால் முடியவில்லை.

பத்து மணிகள். மூன்று நிமிடம்.

படியேறினோம். பேருந்து நகர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த ஸ்டெல்லா முன்னால் ஓடினாள். சீறல். அவள் திரும்பினாள். “கீழ படுங்க!” எங்களைப் பார்த்துக் கத்தினாள். நாங்கள் படுத்தோம். அவளுக்கு நேரமில்லை.

பேருந்தில் இருந்தவர்கள் ஒரு கீறலுமின்றிக் கப்பலேறினர். ரெஜினாவின் காலில் குண்டுச் சில்லு பாய்ந்திருந்தது. எங்களுக்கு வேறு வண்டி கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று.

சாந்தோம். எந்த ஓசையிலும் நான்கு எண்ணுகிறேன். ஆட்டோ வெடித்துப் புகை கக்கினால் எண்ணுகிறேன். சாவு ஊர்வலத்துப் பட்டாசுக்கு எண்ணுகிறேன். வீட்டில் உட்கார முடிவதில்லை. அடையாறு பாலம்வரை நடக்கிறேன். திரும்புகிறேன். மீண்டும் நடக்கிறேன்.

ஊர் திரும்பிய வாரமே அந்தோணியம்மாளைப் பார்த்தேன். உங்கள் மகள் ஜெபித்த வாயோடு போனாள் என்றேன். அன்று ஜெபித்தது உண்மை. அதனால் அந்தப் பொய் உறுதியாக நின்றது. அவர் அதைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார். ஜெபமாலைதான் புரொபசரைக் காப்பாற்றியது என்று பங்கு முழுவதும் பேசிற்று. நான் மறுக்கவில்லை. ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று வேதாகமம் வாசித்தேன். என் உச்சரிப்பைப் பாராட்டினர். வணங்கி ஏற்றுக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்யை மட்டும் சொன்னேன். பொய்யின் காரணத்தைச் சொல்லவில்லை. ஃபாதர் மன்னிப்பு வழங்கினார். பரிகாரமாக ஒரு பத்து ஜெபமாலை சொல்லுமாறு வழக்கம்போலப் பணித்தார். ஒரு பத்து செய்ததை அவர் அறியார்.

முழங்காலிட்டேன். முதல் மணி. இரண்டாம் மணி. மூன்றாவதில் நின்றேன். என் ஜெபம் என்னைக் காத்தது என்றால், அவளைக் கொன்றதும் அதுவே. இரண்டையும் ஏற்க என் படிப்பு இடம் தரவில்லை. வெடிமருந்து தள்ளிய திசையில் குண்டு போகிறது. யாரும் அதைத் திருப்புவதில்லை. கோபப்பட முயன்றேன். கோபத்துக்கும் எதிரே ஒருவர் இருக்க வேண்டும். எவரும் இல்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. எழுந்து வெளியே வந்தேன்.

அதன் பின்னும் பத்து மாதம் வாசித்தேன். நம்பாமல் வாசித்தேன். என் பெயருக்கு அஞ்சினேன். இதை மறைப்பதற்கில்லை.

ஸ்டெல்லாவின் ஆண்டு நினைவுத் திருப்பலி. சாட்சியம் சொல்ல ஃபாதர் என்னை அழைத்தார். கடவுள் காத்த விதத்தைச் சொல்லுங்கள் என்றார். ஒலிவாங்கி முன் நின்றேன். முன்வரிசையில் அந்தோணியம்மாள். பக்கத்தில் ரெஜினா, ஊன்றுகோலுடன். பேருந்தைச் சொன்னேன். மூன்று முறை ஸ்டெல்லா கெஞ்சியதைச் சொன்னேன். நான் எழாததைச் சொன்னேன். காத்தவர் எவரும் இல்லை என்று இப்போது அறிகிறேன் என்றேன்.

அந்தோணியம்மாள் இருந்த இடத்திலேயே எழுந்தார்.

“அப்போ அவ ஜெபம் சொல்லிக்கினு பூடல.”

“இல்லை. ஓடிக்கொண்டிருந்தாள். எங்களுக்காக.”

“நர்சு அவ. குண்டு பட்டவங்கள டெய்லி தூக்குனவ. அவ சொன்னா கேக்கணும்னு உனக்குத் தோணலியா?”

உனக்கு. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தை அவர் வீட்டார் ஒருமையில் விளித்ததில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென நானும் எதிர்பார்க்கவில்லை.

“தோன்றவில்லை” என்றேன்.

அவர் உட்கார்ந்தார். திருப்பலி தொடர்ந்தது. நான் பக்கவாசல் வழியே கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். ரெஜினா வரவில்லை. அவள் இன்னும் நம்புகிறாள். ஒரே வீட்டில் தனித்தனியே அமர்கிறோம்.

இழப்பைப் பதிவு செய்கிறேன். ஸ்டெல்லா, வயது இருபத்தேழு. ரெஜினாவின் இடது கால், முழங்காலுக்குக் கீழே. கோயிலின் வேதாகம வாசகர் பட்டியலில் என் பெயர். அறுபத்தாறு ஆண்டு இறைநம்பிக்கை. அந்தோணியம்மாளுக்கு ஓராண்டு இருந்த ஆறுதல். கொடுத்தவனும் நான், பறித்தவனும் நான். மன்னிப்பை இதில் சேர்க்கவில்லை. அதைத் தரக்கூடியவள் பட்டியலின் தொடக்கத்தில் இருக்கிறாள்.