மஹ்விஷின் இடுப்புப் பட்டையில் மணல்

ஆழ்வார்பேட்டைக் குழந்தைகள் இயக்கப் பயிற்சி மையத்தின் தலைமைப் பிசியோதெரபிஸ்ட் திருமதி தேவானை அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் ஒன்றுகூடி, கலங்கியும் குழம்பியும் வாசித்தளிக்கும் மடல்.

அடி விழும் இடம் அறியாப் பிள்ளைகளுக்கு அரணாய் அமைந்த அம்மையே! தள்ளாடிய பாதங்களுக்குத் தரையின் தன்மையைத் தெரிவித்த தகைமையே! சிணுங்கி வந்த செல்வங்களைச் சிரிக்க வைத்தே செயலில் இறக்கிய சீர்மையே! வணக்கம்.

இப்படியே இரண்டு பக்கம் எழுத எங்களுக்கு ஆசைதான். ஆனால் எதிரில் வைத்துப் புகழ்ந்தால் பாதியில் எழுந்து காபி போடப் போய்விடுகிறவர் நீங்கள். ஆகவே கொஞ்ச நேரத்துக்கு ‘நீங்கள்’ என்பதை விட்டுவிட்டு, ‘தேவானை அம்மா’ என்று வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் பேசப்போகிறோம். பொறுத்தருள்க.

கடந்த மே மாதம் மூன்று வாரத் தீவிரப் பயிற்சிக்கு மஹ்விஷ் வந்தாள். ஆறு வயது. மூளைவாதத்தில் தள்ளாட்ட வகை. காலில் பலம் உண்டு. எடுத்த அடி எங்கே போய் விழும் என்பதுதான் அவளுக்கே தெரியாது. தம்ளருக்கு நீளும் கை தம்ளரைத் தாண்டிப் போகும். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம், வாசலிலிருந்து வகுப்பு வரை அவளாகவே நடந்தால் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா ஜமீலுன்னிசா தினமும் பிள்ளையை இடுப்பில் சுமந்து பஸ் ஏறி வந்தார்.

தேவானை அம்மா மஹ்விஷுக்கு ஒரு பட்டை தைத்துக் கட்டினார். அதைச் சுற்றிலும் சின்னச் சின்ன மணல் பைகள். பாரம் இருந்தால் ஆட்டம் அடங்கும். கால் நிதானப்பட்ட பிறகு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைப்பதைப் பிள்ளையிடமும் சொல்லமாட்டார், பெற்றவளிடமும் சொல்லமாட்டார். தெரிந்தால் தாயின் கை தன்னால் நீளும், பிள்ளை அந்தக் கையை நம்பிச் சாயும் என்பது அவர் கட்சி. பட்டை வீட்டிலும் பிள்ளை இடுப்பிலேயே இருக்கும்.

வினை அங்கேதான் வந்தது. இன்று ஒரு பையைப் பிரித்து மணலைக் கொட்டித் தைத்து அனுப்பினால், மறுநாள் பட்டை முன்னைவிடக் கனத்து வந்தது. நேற்று பிரித்தது எந்தப் பை என்பதே அவருக்குக் குழம்பியது. “ரிடையர் ஆகற வயசுல கைக்கு எடை தெரியாமப் போயிடுச்சா ஷீலா?” என்று எங்கள் ஷீலாவிடம் கேட்டார். ஷீலா பட்டையைத் தூக்கிப் பார்த்து, அவரும் குழம்பினார். பிள்ளையின் நடையோ நாளுக்கு நாள் நேராகிக்கொண்டு வந்தது. தன் கைதான் தப்பு, மணல் அநேகமாகத் தீர்ந்திருக்கும் என்று முடிவு கட்டி, பயிற்சியின் கடைசி நாளில் தேவானை அம்மா பட்டையையே கழற்றிவிட்டார்.

மஹ்விஷ் முகம் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்தது.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஜமீலுன்னிசா அழுதார். “ஸ்கூலு இன்னா ஆவறது மேடம்? பட்டை வேற ஓட்டையா கீது. தெனம் மண்ணு ஒயுகுது. எதிர்ல கட்ற வூட்டு எம்-சாண்டு மண்ணப் போட்டு நானும் ரொப்பிக்கினே கீறேன். சொன்னா கோச்சிப்பீங்கனு கம்முனு இருந்தேன்.”

சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தேவானை அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டார். “உன் மேல தப்பில்ல ஜமீலா. சொன்னா உன் கை நீளும்னு சொல்லாம விட்டது நான்தான்” என்று சொல்லி, ஊசியையும் கத்தரிக்கோலையும் அவரிடமே கொடுத்தார். “இனிமே நீயே குறை. எப்போ, எவ்வளவுன்னு பிள்ளையப் பார்த்து முடிவு பண்ணு. கையை மட்டும் நீட்டாத.”

பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. செய்த பயிற்சி முழுவதும் வீணா, பாதி வீணா என்று அன்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை.

பள்ளி திறந்த அன்று தேவானை அம்மா லீவு போட்டுவிட்டு அந்த வாசலில் போய் நின்றார். சீருடைக்குள் பட்டை தெரியவில்லை. “மணல் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார்.

“அத்த சொல்ல மாட்டேன் மேடம்” என்றார் ஜமீலுன்னிசா. “சொன்னா ஒங்க கை நீளும்.”

மஹ்விஷ் காலை அகட்டி வைத்து நடந்தாள். வகுப்பு வாசற்படியில் ஒருபக்கமாகச் சரிந்தாள். சொல்லாமலே தேவானை அம்மாவின் கை நீண்டுவிட்டது. ஜமீலுன்னிசா அந்தக் கையை இறுகப் பிடித்து நிறுத்தினார். பிள்ளை சுவரைப் பிடித்தாள், நின்றாள், உள்ளே போனாள். பிடித்த கையை விடாமல் இரண்டு பேரும் நடுமுற்றத்தில் நின்று அழுதார்கள்.

அம்மையே, மறுபடி உங்களிடமே வருகிறோம். உங்கள் முழங்கால் வலி முகவரி தெரியாமல் அலைக! உறக்கமும் உவகையும் உங்கள் இல்லத்தில் ஒருங்கே உறைக! அடுத்த மே மாதப் பயிற்சியை நீங்கள் இல்லாமல் எப்படிச் சமாளிக்கப்போகிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கை நீளும்போது பிடித்துக்கொள்ள ஜமீலுன்னிசாவை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்பும் குழப்பமும் குறையாத
மையத்தின் பணியாளர்கள்
ஆழ்வார்பேட்டை, சென்னை