தில்லைப் பால்

மருமகன் நல்ல பிள்ளை, ஐயா. ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டார். குடி வெறி கிடையாது. என் மகள் மதுஷிகாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். றொகானோடு எனக்கு ஒரு கோபதாபமும் இருந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவு முடிகிற இடத்தில் கடலோடை. ஓடைக்கரையில் கண்டல் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் தில்லை. புயலில் பட்டுப்போன கண்டலுக்குப் பதிலாகக் கன்று நட்டு வளர்த்தவள் நான். அந்த வேருக்குள்தான் இறாலும் நண்டும் குஞ்சாக இருந்து வளரும். கண்டல் போனால் மீன் போகும். பிறகு கடல் எங்கள் அடுப்படிக்கு வரும். அந்தப் பயத்தில் நான் நிம்மதியாக உறங்கியதே இல்லை.

றொகான் அங்கே இறால் குளம் வெட்ட நினைத்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன்.

"பயப்பிடாதேங்கோ மாமி. இதை வெட்டிப்போட்டுக் குளத்தைச் சுத்திச் சவுக்கு நடுவம். அதுவும் மரந்தானே" என்றார்.

சவுக்கின் வேருக்குள் எந்த இறால் குஞ்சு வந்து ஒதுங்கும்? வவுனியாவில் வளர்ந்தவருக்கு அது விளங்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தில்லையில் கத்தி வைப்பவன் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பான். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். எங்கள் கரையில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். கத்தியோடு இறங்கியவரிடம் நான் அன்பாகத்தான் சொன்னேன்: "முதல்ல தில்லையை வெட்டுங்கோ மகன், அது மெது மரம். காத்துக்கு முகத்தைக் காட்டி நில்லுங்கோ, களைக்காது."

அன்று சோளகக் காற்று பலமாக வீசியது. நான் ஓடையின் அக்கரையில் கன்று நட்டுக்கொண்டிருந்தேன். கத்தி விழுந்த சத்தம் கேட்டது.

"மாமி, கண் எரியுது. ஒண்டும் தெரியேல்லை. எங்க நிக்கிறியள்?"

எங்கள் இருவருக்கும் நடுவில் நீர் வற்றிய ஓடையின் சுரி. அந்தச் சேற்றில் இறங்கிய மாடுகூட மீண்டதில்லை.

"இஞ்ச நிக்கிறன் மகன். நேர வாங்கோ" என்றேன்.

குரல் கொடுத்தேனே தவிர, அவரைத் தொடவில்லை. இடுப்புவரை புதைந்ததும், "மாமி, பயமாக் கிடக்கு" என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவர் கூப்பிடுவது நிற்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பிள்ளை தனியே கிடந்து செத்தது என்று ஊர் சொல்லக்கூடாது.

இப்போது என்னைக் கண்டால் மதுஷிகா நடுங்குகிறாள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். பெற்ற தாயிடம் என்ன பயம், ஐயா? அவள் இன்னும் கண்டலில் ஒரு கொப்பைக்கூட முறிக்கவில்லையே.